பெர்ல்: பல லாக் கோப்புகளை ஒரே லூப்பில் படிக்கும்போது, கையில் இருக்கும் வரி எந்தக் கோப்பிலிருந்து வந்தது என்பதை அறிவது எப்படி?

கேள்வி

வணக்கம். நான் கவனித்துக்கொள்ளும் சர்வரில் பல தளங்கள் இயங்குகின்றன. ஒவ்வொரு தளத்துக்கும் தனியாக ஓர் ஆக்சஸ் லாக் கோப்பு இருக்கிறது. இந்தக் கோப்புகள் அனைத்தையும் கட்டளை வரியில் கொடுத்தால், ஸ்டேட்டஸ் 500 (சர்வர் பிழை) என்று பதிவாகியிருக்கும் வரிகளை மட்டும் பிரித்தெடுத்து அச்சிடும் சிறிய பெர்ல் ஸ்கிரிப்ட் ஒன்றை வைத்திருக்கிறேன். அதன் அமைப்பு மிக எளியது: வைல் லூப்பின் நிபந்தனையில், கொடுத்த கோப்புகளை வரி வரியாகப் படிக்கும் <> குறி மட்டும் இருக்கிறது, உள்ளே முதல் வேலையாக, 500 இல்லாத வரிகளை நெக்ஸ்ட் கொடுத்துத் தள்ளிவிடுகிறேன், எஞ்சிய வரிகளை அச்சிடுகிறேன்.

இப்போது ஒவ்வொரு வரிக்கும் முன்னால் கோப்பின் பெயரும், அந்தக் கோப்புக்குள் அந்த வரியின் எண்ணும் வர வேண்டும் என்று கேட்கிறார்கள். வரி எண்ணைத் தரும் $. மாறியை அச்சிட்டுப் பார்த்தால், இரண்டாவது கோப்புக்குப் போன பிறகும் எண் 1இலிருந்து தொடங்காமல், முதல் கோப்பு முடிந்த இடத்திலிருந்தே வளர்ந்துகொண்டு போகிறது. வார்ன் மூலம் வரும் செய்தியின் கடைசியிலும் <> என்ற குறியும் இதே மொத்த எண்ணும்தான் வருகின்றனவே தவிர, கோப்பின் பெயர் வருவதில்லை. ஆக் மொழியில் இதற்கென்றே ஃபைல்நேம், எஃப்என்ஆர் என்ற இரண்டு மாறிகள் உள்ளன. பெர்லில் அவற்றுக்கு இணையானவை எவை? மேலும், ஒவ்வொரு கோப்பும் முடியும் இடத்தில், அந்தக் கோப்பில் மட்டும் எத்தனை 500கள் இருந்தன என்ற கூட்டுத்தொகையையும் அச்சிட விரும்புகிறேன். இயங்குதளம் லினக்ஸ்; பெர்ல் பதிப்பு 5.30.

மறுமொழி 1

நிரலில் வரும் பெயர்களை இங்கே தமிழ் எழுத்திலேயே எழுதுகிறேன். தட்டச்சு செய்யும்போது ஆர்க்வி என்பது முழுவதும் ஆங்கிலப் பெரிய எழுத்துகளிலும், இந்த மறுமொழியில் வரும் மற்றவை சிறிய எழுத்துகளிலும் இருக்க வேண்டும்.

நீங்கள் தேடும் பெயர் $ஆர்க்வி என்ற மாறியில் ஏற்கனவே இருக்கிறது. <> முதன்முறையாக இயங்கும்போது பெர்ல் @ஆர்க்வி பட்டியலைப் பார்க்கிறது. அது காலியாக இருந்தால் ஸ்டாண்டர்ட் இன்புட்டிலிருந்து படிக்கத் தொடங்குகிறது. அப்போது $ஆர்க்வியில் ஒற்றை இணைப்புக்கோடு மட்டும் இருக்கும். பட்டியலில் பெயர்கள் இருந்தால், முதல் பெயரை உருவி $ஆர்க்வியில் வைத்து, ஆர்க்வி என்ற ஃபைல் ஹேண்டிலில் (திறந்த கோப்பைக் குறிக்கும் பெயர்) அந்தக் கோப்பைத் திறக்கிறது. கோப்பு தீர்ந்ததும் அடுத்த பெயரை உருவுகிறது. ஆகவே லூப்பின் உடலுக்குள் எந்த இடத்திலும் $ஆர்க்வி என்று எழுதினால், இப்போது கையில் இருக்கும் வரி வந்த கோப்பின் பெயர் கிடைத்துவிடும்.

பெயர்கள் உருவப்படுவதால் @ஆர்க்வி படிப்படியாகக் குறைந்துகொண்டே போகும் என்பதையும் சேர்த்துக் கவனியுங்கள். லூப்புக்குள் அதன் அளவைக் கேட்டால், இன்னும் திறக்கப்படாத கோப்புகளின் எண்ணிக்கைதான் வரும். மொத்தப் பட்டியல் பிற்பாடு தேவைப்படும் என்றால், லூப் தொடங்குவதற்கு முன்பே வேறோர் அரேயில் நகல் எடுத்துக்கொள்ள வேண்டும்.

வரி எண் தொடர்ந்து வளர்வதற்குக் காரணம், <> ஒரு கோப்பிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது பழைய ஹேண்டிலை வெளிப்படையாக மூடுவதில்லை என்பதே. $. மாறி பூஜ்யத்துக்குத் திரும்புவது ஹேண்டில் குளோஸ் செய்யப்படும்போது மட்டுமே. எனவே ஒவ்வொரு கோப்பின் கடைசி வரியிலும் நீங்களே அதை மூட வேண்டும். அதற்கான வழக்கமான வாசகம் "குளோஸ் ஆர்க்வி இஃப் இஓஎஃப்" என்பதாகும் (இஓஎஃப் என்பது கோப்பு முடிந்துவிட்டதா என்ற சோதனை).

உங்கள் ஸ்கிரிப்டில் இதை எங்கே எழுதுகிறீர்கள் என்பது முக்கியம். 500 இல்லாத வரிகளை நெக்ஸ்ட் கொடுத்துத் தள்ளிவிடுவதாகச் சொல்கிறீர்கள். லூப் உடலின் அடியில் இந்த வாசகத்தை எழுதினால், கோப்பின் கடைசி வரி 200ஆக இருக்கும் ஒவ்வொரு முறையும் நெக்ஸ்ட் அதைத் தாண்டிக்கொண்டு மேலே போய்விடும். ஹேண்டில் மூடப்படாது, கூட்டுத்தொகையும் அச்சாகாது. ஒரு கோப்புக்குச் சரியாக வந்து இன்னொரு கோப்புக்கு வராமல் போகும் இந்த வகைப் பிழையைத் தேடிப் பிடிப்பது எரிச்சலான வேலை. வைல் லூப்பின் மூடும் அடைப்புக்குறிக்குப் பின்னால் ஒரு கன்டினியூ பிளாக்கைச் சேர்த்து, எண்ணிக்கையை அச்சிடுவது, எண்ணியைப் பூஜ்யமாக்குவது, ஆர்க்வியை மூடுவது ஆகிய மூன்றையும் அதற்குள் இஓஎஃப் நிபந்தனையின் கீழ் வையுங்கள். நெக்ஸ்ட் வந்தாலும் கன்டினியூ பிளாக் இயங்கும். லாஸ்ட் வந்தால் மட்டும் இயங்காது.

இஓஎஃப் எழுதும் விதத்திலும் நுணுக்கம் இருக்கிறது. அடைப்புக்குறியே இல்லாமல் இஓஎஃப் என்று எழுதினால், கடைசியாகப் படிக்கப்பட்ட ஹேண்டில் முடிந்துவிட்டதா என்று பொருள். இஓஎஃப்(ஆர்க்வி) என்று எழுதினால், இப்போதைய உள்ளீட்டுக் கோப்பு முடிந்துவிட்டதா என்று பொருள். வெற்று அடைப்புக்குறியுடன் இஓஎஃப்() என்று எழுதினால், கட்டளை வரியில் கொடுத்த எல்லாக் கோப்புகளுமே முடிந்துவிட்டனவா என்று பொருள். உங்கள் தேவைக்கு மூன்றாவது பொருந்தவே பொருந்தாது. அது பதில் சொல்வதற்காக அடுத்த கோப்பைத் திறந்து பார்க்க வேண்டியிருப்பதால், பழைய கோப்பின் கடைசி வரி கையில் இருக்கும்போதே $ஆர்க்வி அடுத்த பெயருக்கு மாறிவிடக்கூடும். நான் எப்போதும் இரண்டாவதையே எழுதுகிறேன். படிப்பவருக்கும் ஐயம் இருக்காது.

கேட்டவர்

மிக்க நன்றி. கன்டினியூ பிளாக்கில் வைத்ததும் பெயர், வரி எண், கூட்டுத்தொகை எல்லாம் சரியாக வருகின்றன.

ஆனால் அறிக்கையைப் பார்த்தவர்கள், சில தளங்களின் பெயரே அதில் இல்லை என்கிறார்கள். தேடிப் பார்த்ததில், விடுபட்டவை அனைத்தும் பூஜ்ய பைட் கோப்புகள்: லாக்ரொட்டேட் பழைய கோப்பை நகர்த்திவிட்டுப் புதிதாக உருவாக்கியவை, இன்னும் யாரும் வந்து பார்க்காத தளங்களுடையவை. அவற்றுக்கும் "0" என்று ஒரு வரி வந்தாக வேண்டும். அடுத்த கட்டமாக, ஜிசிப்பில் சுருக்கப்பட்ட பழைய லாக் கோப்புகளையும் இதே ஸ்கிரிப்டுக்குள் கொண்டுவர வேண்டியிருக்கிறது. அவற்றில் ஒவ்வொன்றையும் விரித்து வைக்க டிஸ்க்கில் இடம் போதாது.

மறுமொழி 2

காலிக் கோப்பு விடுபடுவது <> வேலை செய்யும் முறையின் நேரடி விளைவு. லூப்பின் உடல் இயங்குவது ஒரு வரி கிடைத்தால் மட்டுமே. காலிக் கோப்பைப் பெர்ல் திறக்கிறது, $ஆர்க்வியிலும் அதன் பெயரை வைக்கிறது. ஆனால் படிக்க ஒன்றும் இல்லாததால் அங்கேயே அடுத்த கோப்புக்குப் போய்விடுகிறது. உங்கள் நிரலுக்குக் கட்டுப்பாடு திரும்பும்போது $ஆர்க்வியில் அதற்கடுத்த பெயர் இருக்கிறது. திறக்க முடியாத கோப்பின் கதையும் ஏறத்தாழ இதுவே: திறக்க முடியவில்லை என்ற எச்சரிக்கை ஸ்டாண்டர்ட் எரரில் வரும், பிறகு லூப் ஒன்றுமே நடக்காதது போல் தொடரும். கிரானில் (குறித்த நேரத்தில் தானாக) ஓடும் ஸ்கிரிப்டில் அந்த எச்சரிக்கையை யார் பார்க்கிறார்கள்?

வரி எந்தக் கோப்பிலிருந்து வந்தது என்ற கேள்விக்கு மட்டுமே $ஆர்க்வி பதில் சொல்லும். எந்தெந்தக் கோப்புகளைத் தொட்டோம், ஒவ்வொன்றும் என்ன ஆயிற்று என்ற கேள்விக்கு அது பதில் சொல்லாது. உங்களுக்கு இப்போது இரண்டாவது கேள்விதான் வந்திருக்கிறது. பட்டியலை முன்கூட்டியே நகல் எடுத்து, ஹாஷில் எல்லாப் பெயர்களுக்கும் பூஜ்யம் இட்டு, லூப் முடிந்த பிறகு மொத்தமாக அச்சிட்டும் சமாளிக்கலாம். ஆனால் அப்போதும் காலியான கோப்புக்கும் திறக்கவே முடியாத கோப்புக்கும் ஒரே பூஜ்யம்தான் வரும். பார்ப்பவர் இரண்டாவதையும் "பிழையற்ற தளம்" என்று எடுத்துக்கொள்வார். ஆகவே <> குறியை விட்டுவிட்டு இரண்டு லூப்புகளாக எழுதுவதே சரி என்பேன். வெளியே ஃபார்ஈச், கோப்புப் பெயர்களின் மீது. அதற்குள் மூன்று பகுதி ஓப்பன்: முதலில் மை போட்டு அறிவித்த ஹேண்டில், இரண்டாவதாகப் படிப்பதற்கான < குறி, மூன்றாவதாகப் பெயர். ஓப்பன் தோற்றால் பெயரையும், தோற்ற காரணத்தைத் தரும் $! மாறியையும் அறிக்கையிலேயே எழுதிவிட்டு நெக்ஸ்ட். வென்றால் உள்ளே வைல் லூப், அது முடிந்ததும் கூட்டுத்தொகை, பிறகு குளோஸ். காலிக் கோப்புக்கு உள் லூப் ஒருமுறைகூட இயங்காது. ஆனாலும் கூட்டுத்தொகை வரி அச்சாகும். ஒவ்வொரு சுற்றிலும் புதிய ஹேண்டில் பிறப்பதால் வரி எண்ணும் தானாகவே 1இலிருந்து தொடங்கும். இஓஎஃப் பற்றிய கவலை முழுவதுமாகப் போய்விடுகிறது.

இப்படி எழுதும்போது ஒரே ஒரு குழியைத் தவிர்க்க வேண்டும். வெளி லூப்பில் பெயருக்கென்று தனி மாறி வைக்காமல், மாறி எதுவும் சொல்லாதபோது பெர்ல் தானாக எடுத்துக்கொள்ளும் $_ மாறியையே நம்பி, உள்ளே வைல் (<$எஃப்எச்>) என்று எழுதிவிடாதீர்கள். ஃபார்ஈச் தன் சுற்றுக்காக $_ மாறியைப் பாதுகாத்துவைக்கும். வைல் அப்படிச் செய்யாது, படிக்கும் ஒவ்வொரு வரியையும் அதே $_ மீது எழுதும். ஃபார்ஈச்சில் $_ என்பது பட்டியலில் உள்ள உறுப்பின் மறுபெயரே என்பதால், அழிவது தற்காலிக நகல் அன்று, @ஆர்க்வியில் இருக்கும் கோப்புப் பெயரே அழிகிறது. முதலில் அந்த இடத்தில் லாக் வரிகள் ஒவ்வொன்றாக வந்து உட்காரும். கோப்பு முடிந்ததும் மதிப்பில்லா அன்டெஃப் எஞ்சும். "கோப்பின் பெயர் காலியாக அச்சாகிறது" என்று வரும் புகார்களில் நான் முதலில் தேடுவது இதைத்தான். வெளியே மை $ஃபைல், உள்ளே மை $லைன் என்று இரண்டுக்கும் பெயர் வைத்துவிட்டால் சிக்கல் எழவே வாய்ப்பில்லை.

$. மாறியிலும் ஒரு நுணுக்கம். அது எந்த ஹேண்டிலுக்கும் சொந்தமானது அன்று. கடைசியாகப் படிக்கப்பட்ட ஹேண்டிலின் எண்ணைத்தான் காட்டும். லாக் வரியைப் படித்த பிறகு, ஐபி முகவரிக்கு உரிய பெயரைத் தேடுவதற்காக வேறு ஒரு கோப்பிலிருந்து ஒரு வரியைப் படித்தால்கூட, அதன் பிறகு $. காட்டுவது அந்த இரண்டாம் கோப்பின் எண்ணை. அடைப்புக்குறி இல்லாத இஓஎஃப்பை விட, முந்தைய நண்பர் எழுதும் இஓஎஃப்(ஆர்க்வி) பாதுகாப்பானது என்பதற்கும் இதுவே அடிப்படை. உள் லூப்பின் முதல் வரியிலேயே $. மதிப்பை ஒரு மை மாறிக்கு மாற்றிவிடுவது போதுமான பாதுகாப்பு. ஹேண்டிலிடமே நேராகக் கேட்க விரும்பினால், ஐஓ::ஹேண்டில் தரும் இன்புட்_லைன்_நம்பர் என்ற மெத்தட் இருக்கிறது.

மறுமொழி 3

மேலே சொன்னவற்றுடன் உடன்படுகிறேன். ஆனாலும் <> குறியை முற்றாக ஒதுக்கிவைக்கும் அளவுக்கு அதில் குற்றம் இல்லை. கட்டளை வரியிலேயே -என் சுவிட்சுடன் ஒரு வரி நிரலாக எழுதி, இப்போதே பதில் பார்க்க வேண்டிய நேரங்களில் $ஆர்க்வியும் $. மாறியும் தரும் வசதியை இரட்டை லூப் தராது. அறிக்கை போன்ற நிலையான வேலைக்கு இரட்டை லூப், கையோடு பார்க்கும் வேலைக்கு <> என்று பிரித்துக்கொள்வதே என் வழக்கம். ஒரு கோப்பில் முதல் 500 கிடைத்தால் போதும் என்ற தேவை வரும்போதும் <> நன்றாக உதவும்: கிடைத்த இடத்திலேயே ஆர்க்வியைக் குளோஸ் செய்தால், மீதி வரிகளை விட்டுவிட்டு அடுத்த கோப்புக்குப் போய்விடும்.

ஜிசிப் பற்றிய கேள்விக்கு வருகிறேன். <> தன் கோப்புகளைத் திறப்பது பழைய இரண்டு பகுதி ஓப்பன் முறையில். அந்த முறையில் பெயரின் கடைசியில் | குறி இருந்தால், அதைக் கோப்பாகக் கருதாமல் கட்டளையாகக் கருதி இயக்கி, அதன் வெளியீட்டைப் படிக்கும். இதைப் பயன்படுத்தி, லூப்புக்கு முன்பே @ஆர்க்வியை மேப் வழியாக ஓட்டி, ஜிசிப் நீட்டிப்புடன் முடியும் ஒவ்வொரு பெயரையும் "ஜிசிப் -டிசி < பெயர் |" என்ற வடிவத்துக்கு மாற்றும் தந்திரம் பெர்லின் சொந்த ஆவணத்திலேயே இருக்கிறது. அதை அப்படியே எடுத்துக்கொண்டால் உங்கள் அறிக்கையில் விசித்திரம் ஒன்று தெரியும்: $ஆர்க்வியில் இப்போது இருப்பது கோப்பின் பெயர் அன்று, அந்த முழுக் கட்டளை. ஒவ்வொரு வரியின் முன்னாலும் ஜிசிப் என்றும் அம்புக்குறி என்றும் சேர்ந்து அச்சாகும். மாற்றிய கட்டளையைச் சாவியாகவும் அசல் பெயரை மதிப்பாகவும் கொண்ட ஒரு ஹாஷ் வைத்து இதைச் சரிசெய்யலாம்.

சரிசெய்யலாமே தவிர, உங்கள் சூழலில் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். அந்தக் கட்டளை ஷெல் வழியாக ஓடுகிறது. கோப்பின் பெயரில் இடைவெளி இருந்தால் உடையும். செமிகோலன் இருந்தால் அதற்குப் பின்னால் இருப்பதையும் ஷெல் இயக்கிவிடும். இன்னும் சொல்லப்போனால், நீங்கள் எந்தத் தந்திரமும் செய்யாமல் வெறும் <> வைத்திருந்தாலும், அந்த அடைவில் யாரோ | குறியில் முடியும் பெயருடன் ஒரு கோப்பை உருவாக்கி வைத்திருந்து, நீங்கள் நட்சத்திரக் குறி போட்டு எல்லாவற்றையும் கொடுத்தால், அந்தப் பெயர் கட்டளையாக இயங்கும். ரூட் உரிமையுடன் ஓடும் ஸ்கிரிப்டில் இது விளையாட்டு அன்று. இந்தக் காரணத்துக்காகவே 2015இல் வெளிவந்த 5.22 பதிப்பில் <<>> என்ற இரட்டைக் குறி சேர்க்கப்பட்டது. அது மூன்று பகுதி ஓப்பனைப் பயன்படுத்துவதால், எந்தப் பெயரும் பெயராக மட்டுமே கொள்ளப்படும். $ஆர்க்வி, $., இஓஎஃப் எல்லாம் முன்போலவே வேலை செய்யும். ஒற்றை இணைப்புக்கோட்டைக்கூட அது ஸ்டாண்டர்ட் இன்புட்டாகக் கொள்ளாமல் அந்தப் பெயருடைய கோப்பாகவே தேடும் என்பது மட்டும் வேறுபாடு. உங்களிடம் 5.30 இருப்பதால், <> எழுதும் இடமெல்லாம் <<>> எழுதுவதற்குத் தடையேதும் இல்லை. ஆனால் ஜிசிப் தந்திரம் அதில் பலிக்காது.

எனவே ஜிசிப் வந்துவிட்ட பிறகு, மறுமொழி 2இல் சொன்ன இரட்டை லூப்புக்கே நீங்களும் வந்து சேர்வீர்கள். வெளி லூப்பில் பெயரின் நீட்டிப்பைப் பார்த்து, சாதாரணக் கோப்பானால் < குறியுடன் ஓப்பன். சுருக்கிய கோப்பானால் இணைப்புக்கோடும் | குறியும் சேர்ந்த முறையுடன் ஓப்பன் எழுதி, ஜிசிப், -டிசி, --, $ஃபைல் என்று நான்கையும் தனித்தனி உறுப்புகளாகக் கொடுங்கள். பட்டியலாகக் கொடுக்கும்போது ஷெல் நடுவே வராது. நடுவில் உள்ள இரட்டை இணைப்புக்கோடு, இணைப்புக்கோட்டில் தொடங்கும் பெயரை ஜிசிப் ஒரு விருப்பமாக எடுத்துக்கொள்ளாமல் தடுக்கும். விரித்த கோப்பு டிஸ்க்கில் எங்கும் எழுதப்படுவதில்லை, வரிகள் பைப் வழியாகவே வருகின்றன. உள் லூப் இரண்டு வகைக்கும் ஒன்றே. $ஃபைல் எப்போதும் அசல் பெயராகவே இருக்கும். வெளிக் கட்டளையே வேண்டாம் என்றால், பெர்லுடன் சேர்ந்தே வரும் ஐஓ::அன்கம்ப்ரெஸ்::கன்சிப் மாட்யூலும் இருக்கிறது.

பைப்பில் ஒரு எச்சரிக்கை. ஜிசிப் கோப்பு பாதியில் சிதைந்திருந்தாலும் ஓப்பன் வெற்றி என்றே சொல்லும், ஏனென்றால் ஜிசிப் கட்டளை வெற்றிகரமாகத் தொடங்கிவிட்டது. கோளாறு தெரியவருவது குளோஸ் செய்யும்போது. ஆகவே இங்கே குளோஸ் தரும் மதிப்பைச் சோதித்து, பொய் வந்தால், கட்டளை முடிந்த நிலையைக் காட்டும் $? மாறியைப் பெயருடன் சேர்த்து அறிக்கையில் எழுதுங்கள். இல்லாவிட்டால், பாதிவரை படித்த கோப்பின் குறைந்த எண்ணிக்கை முழு எண்ணிக்கை போலவே நிற்கும்.

கேட்டவர்

இரட்டை லூப்பாக மாற்றி எழுதிவிட்டேன். காலிக் கோப்புகள் "0" உடனும், உரிமை இல்லாததால் திறக்க முடியாத ஒரு கோப்பு அதற்குரிய காரணத்துடனும் இப்போது அறிக்கையில் வருகின்றன. பின்னது இதுவரை யாருக்கும் தெரியாமலே இருந்திருக்கிறது. வரி எண்ணை உள் லூப்பின் தொடக்கத்திலேயே தனி மாறியில் எடுத்துவைக்கிறேன்.

ஒரு சிறு கேள்வி மட்டும் மிச்சம். சுருக்கிய கோப்புகளும் சேர்ந்துவிட்டதால் ஸ்கிரிப்ட் நெடுநேரம் ஓடுகிறது. அது இந்த நொடியில் எந்தக் கோப்பில் இருக்கிறது என்பதை, வெளியீட்டு அறிக்கையில் கூடுதல் வரிகள் கலக்காமல், வெளியிலிருந்து பார்க்க வழி உண்டா?

மறுமொழி 2 எழுதியவர்

உண்டு. வெளி லூப்பின் தொடக்கத்தில், $0 மாறிக்கு ஸ்கிரிப்டின் பெயரையும் $ஃபைல் மதிப்பையும் சேர்த்த ஒரு சரத்தைக் கொடுங்கள். லினக்ஸில் $0 மாறியை மாற்றினால், ஓடும் நிரல்களைப் பட்டியலிடும் பிஎஸ் கட்டளை அந்தப் பிராசஸுக்குக் காட்டும் பெயரும் மாறும். இன்னொரு டெர்மினலிலிருந்து பிஎஸ் அடித்தால் இப்போதைய கோப்பின் பெயர் தெரியும். சர்வரில் வேறு யார் பிஎஸ் பார்த்தாலும் அவர்களுக்கும் தெரியும் என்பதால், பெயரில் வெளியே தெரியக்கூடாதது ஏதும் இருந்தால் இதைச் செய்யாதீர்கள்.

வரி எண்ணும் வேண்டுமானால் சிக்னல் வழி இருக்கிறது. %சிக் ஹாஷில் யூஎஸ்ஆர்1 என்ற சாவிக்கு (இரண்டும் ஆங்கிலப் பெரிய எழுத்துகளில்) ஒரு சிறு சப்ரூட்டினை வைத்து, அதில் பெயரையும் வரி எண்ணையும் ஸ்டாண்டர்ட் எரரில் அச்சிடுங்கள். கில் கட்டளையால் யூஎஸ்ஆர்1 அனுப்பும்போதெல்லாம் ஒரு வரி வரும், ஸ்கிரிப்ட் நிற்காது. 5.8 பதிப்பிலிருந்து பெர்ல், சிக்னல் வந்த கணத்திலேயே பாயாமல், நடந்துகொண்டிருக்கும் உள்வேலையை முடித்துவிட்டே உங்கள் சப்ரூட்டினை அழைக்கிறது. ஆகவே அதில் அச்சிடுவதற்குத் தயங்க வேண்டாம். பெயரையும் எண்ணையும் வைத்திருக்கும் மாறிகளை மட்டும் லூப்புக்கு வெளியே அறிவித்து, லூப்புக்குள் மதிப்பை மாற்றிக்கொண்டே வர வேண்டும். ஃபார்ஈச்சுடன் அறிவித்த மை $ஃபைல் அந்த லூப்புக்குள் மட்டுமே தெரியும் என்பதால், வெளியே எழுதிய சப்ரூட்டினால் அதைப் பார்க்க முடியாது.